டிரா ஆன ஆட்டத்தைப் படிக்க லிசெஸ் எப்படி? பெர்லின் டிஃபென்ஸை வைத்து ஒரு விமர்சனம்

இணையத்தில் செஸ் ஆடும் தளமான லிசெஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பிளிட்ஸ், புல்லட் என்ற அதிவேக ஆட்டங்கள், பசில் இவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதெல்லாம் நன்றாக இருக்கிறது என்பது அங்கே விளையாடுகிற எல்லோருக்கும் தெரியும். நான் பார்க்கப்போவது ஒரே ஒரு வேலையை: டிராவில் முடிந்த ஒரு போட்டி ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, அது ஏன் டிரா ஆனது, அதில் ஓபனிங்கின், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசையின், பங்கு என்ன என்று புரிந்துகொள்ள இந்தத் தளம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்டங்களின் கணக்கைக் காட்டும் ஓபனிங் எக்ஸ்ப்ளோரரும், குறிப்பெழுதும் நோட்டான ஸ்டடியும் பிரமாதம். ஆனால் அதே பக்கத்தில் ஒரு சொடுக்கில் ஓடத் தொடங்கும் எஞ்சின் (நகர்த்தல்களைக் கணக்கிட்டுச் சொல்லும் நிரல்) இருக்கிறதே, அதை இந்த வேலையில் முதலில் தொடவே கூடாது. எல்லாம் பார்த்து முடித்த பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்.

டிராவுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நம் ஊர்ப் பள்ளிப் போட்டிகளில் ஹாலை விட்டு வெளியே வரும் பிள்ளையிடம் முதல் கேள்வி "ஜெயிச்சியா, தோத்தியா?" என்பதுதான். "டிரா" என்று பதில் வந்தால் பெற்றோருக்கு அடுத்து என்ன கேட்பதென்றே தெரிவதில்லை, ஒன்றுமே நடக்காத மாதிரி தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை மூன்று மணி நேரம் ஒரு மோசமான நிலையைப் பிடித்து நிறுத்திவிட்டு வந்திருக்கலாம். உயர்மட்டத்தில் பார்த்தால் டிராதான் வழக்கம். 2018-இல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் மோதிய உலக சாம்பியன்ஷிப்பில் 12 கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்களும் டிரா. 2024-இல் சிங்கப்பூரில் நம் குகேஷ் பட்டம் வென்றபோதும் 14 ஆட்டங்களில் 9 டிரா. இந்த ஆட்டங்களைப் புரிந்துகொள்ளாமல் தள்ளிவிட்டால் செஸ்ஸில் பாதியைத் தள்ளிவிட்டோம் என்று அர்த்தம்.

தளத்தைப் பற்றி அடிப்படை விவரம் கொஞ்சம். பிரான்ஸைச் சேர்ந்த திபோ டுப்ளெஸ்ஸி என்பவர் 2010-இல் தொடங்கியது. லாப நோக்கமில்லாத அமைப்பாக, நன்கொடையில் நடக்கிறது. விளம்பரம் கிடையாது. சந்தா கட்டினால் மட்டும் திறக்கும் பகுதி என்று ஒன்றும் கிடையாது. நன்கொடை கொடுத்தவருக்குப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறகுச் சின்னம் வரும், அவ்வளவுதான், வசதிகள் எல்லோருக்கும் ஒன்றுதான். மூல நிரலும் திறந்தே இருக்கிறது. மாவட்டப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம், பஸ் செலவு, பயிற்சிக் கட்டணம் என்று ஏற்கெனவே கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். சோதனைக்கு நான் எடுத்துக்கொண்டது 2000 அக்டோபரில் லண்டனில் நடந்த காஸ்பரோவ் – கிராம்னிக் போட்டியின் முதல் ஆட்டம். 25 நகர்த்தல்களில் டிரா. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் ராணிகளை மாற்றிக்கொண்டு, கொஞ்சம் காய்களை நகர்த்திவிட்டுக் கை குலுக்கிக் கிளம்பிவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் அந்தப் போட்டியின் முடிவே இந்த ஒரு டிராவில் எழுதப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம். காஸ்பரோவ் 1985 முதல் சாம்பியன். வெள்ளையில் இ4 (ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது) ஆடினால் எதிரில் உட்காருகிறவருக்கு வயிற்றைக் கலக்கும். அவருக்கு எதிராக கிராம்னிக் பல காலமாக ஓரங்கட்டப்பட்டிருந்த பெர்லின் டிஃபென்ஸ் என்ற கறுப்புப் பக்க ஓபனிங்கை எடுத்து வந்தார். 1, 3, 9, 13 ஆகிய நான்கு ஆட்டங்களில் பெர்லின், நான்கும் டிரா. 16 ஆட்டங்களுக்குத் திட்டமிட்ட போட்டி 15-இலேயே 8.5 – 6.5 என்று முடிந்தது. கிராம்னிக் இரண்டு வென்றார், மீதி 13-உம் டிரா, காஸ்பரோவுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. "பெர்லின் சுவர்" என்ற பேர் இந்த ஓபனிங்குக்கு ஒட்டிக்கொண்டது சும்மா இல்லை.

லிசெஸில் அனாலிசிஸ் போர்டைத் திறந்து காய்களை வரிசையாக நகர்த்துங்கள் (எழுத்து நெடுக்கு வரிசையையும், எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்). இ4, இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் பி5, இது ரூய் லோபஸ். கறுப்பு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தால் பெர்லின். வெள்ளை கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்ய, கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டுகிறது. டி4, குதிரை டி6. இப்போது வெள்ளை பிஷப் சி6 குதிரையை வெட்ட, டி சிப்பாயால் கறுப்பு அதைத் திருப்பி வெட்ட, வெள்ளை டி சிப்பாய் இ5-ஐ வெட்ட, கறுப்புக் குதிரை எஃப்5-க்குப் போக, 8-ஆவது நகர்த்தலில் வெள்ளை ராணி டி8-இல் கறுப்பு ராணியை வெட்டிச் செக் வைக்கிறது. கறுப்பு ராஜாதான் திருப்பி வெட்ட வேண்டும். போர்டில் ராணி இல்லை, கறுப்பால் இனி கேஸ்லிங் செய்ய முடியாது, சி வரிசையில் ஒன்றின்பின் ஒன்றாக இரண்டு சிப்பாய்கள். பார்த்தால் கறுப்பு பாவம் என்றுதான் இருக்கும்.

இந்த இடத்தில் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால்தான் இந்தத் தளத்தின் அருமை தெரியும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் மூன்று நிறப் பட்டை: வெள்ளை வென்றவை, நடுவில் சாம்பல் நிறத்தில் டிரா, கறுப்பு வென்றவை. மாஸ்டர்ஸ் என்ற பகுதியில் 1952-இலிருந்து 2200-க்கு மேல் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) உள்ளவர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடிய ஆட்டங்கள் இருக்கின்றன. பெர்லின் சுவர் நிலையில் சாம்பல் பட்டைதான் அகலம். மீதியில் வெள்ளைக்குக் கறுப்பைவிடக் கொஞ்சம் கூடுதல் பங்கு. அதாவது கறுப்பு பாவம் என்று கண்ணுக்குத் தோன்றிய நிலையில் கறுப்பு பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது, ஆனால் வெள்ளைதான் அழுத்திப் பார்க்கிறது. ஓபனிங்கின் குணத்தை இவ்வளவு சுருக்கமாக ஒரு பட்டை சொல்லிவிடுகிறது. கீழே அந்த நிலையில் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடிய சில ஆட்டங்கள் பட்டியலாக வரும், ஒன்றைத் தொட்டால் முழு ஆட்டமும் திறக்கும்.

பக்கத்திலேயே லிசெஸ் என்றொரு பகுதி இருக்கிறது, அதில் தளத்தில் விளையாடுகிறவர்களுடைய ஆட்டங்கள் சேரும், ரேட்டிங்கையும் நேரத்தையும் வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். இதே பெர்லின் நிலையை 1600 அளவிலான பிளிட்ஸ் ஆட்டங்களில் பாருங்கள். நடுவில் அகலமாக இருந்த சாம்பல் பட்டை நூல் மாதிரி ஒடுங்கிவிடும். "டிரா ஓபனிங்" என்று நாம் பேர் வைத்திருக்கும் ஒன்றை நம்மைப் போன்றவர்கள் ஆடும்போது யாராவது ஒருவர் தோற்றுத்தான் போகிறார். எனக்கு இந்த எக்ஸ்ப்ளோரர் கற்றுத்தந்ததில் இதுதான் பெரிய விஷயம். "பெர்லின் ஆடினா போர் அடிக்கும், டிராதான் ஆகும்" என்று கிளப்பில் சொல்கிறவர்களுக்கு இந்த இரண்டு பட்டைகளையும் பக்கம் பக்கமாகக் காட்டினால் போதும். டிராவை உண்டாக்குவது ஓபனிங் மட்டும் கிடையாது, இரண்டு பக்கமும் சரியாக ஆடத் தெரிந்த ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இனி எஞ்சின். லிசெஸில் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் நம் பிரவுசருக்குள்ளேயே ஓடும், தவிர சர்வரில் முழு ஆட்டத்தையும் அலசச் சொல்லிக் கேட்கலாம், அதுவும் இலவசம். நாம் தோற்ற ஆட்டத்தைப் பார்க்க இதைவிட நல்ல வசதி வேறு இல்லை. எந்த இடத்தில் கவிழ்ந்தோம் என்று கிராஃப் மலையும் பள்ளமுமாகக் காட்டிவிடும். ஆனால் நன்றாக ஆடப்பட்ட டிராவை அதே கிராஃப் ஏறத்தாழ தட்டையான கோடாகக் காட்டுகிறது, பெரிய பிழை எதுவும் இல்லை என்கிறது. "பிழைகளிலிருந்து கற்றுக்கொள்" என்ற பொத்தானுக்கும் காட்ட ஒன்றும் இருக்காது. யாருக்கு எவ்வளவு சாதகம் என்று எஞ்சின் காட்டும் எண் சைபருக்குப் பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கிற பதினான்கு வயதுப் பையன் என்ன முடிவுக்கு வருவான்? இந்த ஆட்டத்தில் ஒன்றுமில்லை, அடுத்ததைப் பார்ப்போம் என்று போய்விடுவான். எஞ்சின் சொன்ன சைபர் பொய் இல்லை. இரண்டு பக்கமும் மிகச் சரியாக ஆடினால் யாரும் ஜெயிக்க முடியாது என்பதை மட்டும் அது சொல்கிறது. அந்தச் சரியான நகர்த்தலைக் கண்டுபிடிப்பது எந்தப் பக்கத்துக்குக் கஷ்டம், யார் வியர்த்தார், யார் நிம்மதியாக இருந்தார் என்பதெல்லாம் அந்த எண்ணில் வராது. அந்தக் காலத்து எஞ்சின்கள் இதே பெர்லின் நிலையை வெள்ளைக்கு நல்ல சாதகம் என்று மிகைப்படுத்திக் காட்டியது செஸ் ஆட்களுக்குத் தெரிந்த கதைதான். கிராம்னிக் அதை நம்பியிருந்தால் இந்த ஓபனிங்கைத் தொட்டே இருக்க மாட்டார்.

அதனால் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு ஸ்டடி உருவாக்கி, ஆட்டத்தை அதில் போட்டு, ஒவ்வொரு நகர்த்தலாகப் பார்ப்பதுதான் நான் சொல்லும் வழி. ஸ்டடி என்பது அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிந்த நோட்டுப் புத்தகம். ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயங்கள் வரை போடலாம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கீழே குறிப்பு எழுதலாம், கிளை வரிசைகள் சேர்க்கலாம். ரைட் கிளிக்கை அழுத்திக்கொண்டு ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தால் பச்சை அம்பு விழும், ஷிஃப்டும் சேர்த்து அழுத்தினால் சிவப்பு. இந்த அம்புகள் வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள், டிரா ஆட்டத்தைப் படிக்க இதுதான் சரியான கருவி.

எப்படி என்று இந்த ஆட்டத்திலேயே காட்டுகிறேன். ராணிகள் போன பிறகு சிப்பாய்களை மட்டும் பாருங்கள். ராஜா பக்கம் வெள்ளைக்கு நான்கு, கறுப்புக்கு மூன்று. ராணி பக்கம் கறுப்புக்கு நான்கு, வெள்ளைக்கு மூன்று, ஆனால் கறுப்பின் நான்கில் இரண்டு ஒரே வரிசையில் மாட்டிக்கொண்டிருப்பதால் அங்கே தனிச் சிப்பாய் ஒன்றை ஓட விடுவது குதிரைக்கொம்பு. போர்டு எடிட்டரில் ராஜாக்களையும் சிப்பாய்களையும் விட்டுவிட்டு மற்ற எல்லாக் காய்களையும் எடுத்துப் பார்த்தால் வெள்ளை ஜெயிக்கும் நிலை அது. ஆகவே வெள்ளையின் ஆசை ஒன்றே ஒன்று: எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வது. கறுப்பின் வேலை அதைத் தடுப்பது, கையில் உள்ள இரண்டு பிஷப்புகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எங்கும் ஓட்டை விழாமல் நிற்பது. இது புரிந்துவிட்டால் மீதி 17 நகர்த்தல்களும் தானாகப் பேசத் தொடங்கும்.

காஸ்பரோவின் பிஷப்பைக் கவனியுங்கள். 11-ஆவது நகர்த்தலில் பி2-வுக்கு வருகிறது. நல்ல நீளமான மூலைவாட்டம், ஆனால் அந்த வழியில் இ5-இல் நிற்பது அவருடைய சொந்தச் சிப்பாய். பிறகு 22-இல் சி3-க்கு நகர்கிறது, அங்கிருந்தும் அதே சிப்பாயின் முதுகைத்தான் பார்க்கிறது. பி2-விலிருந்து இ5-க்கு ஒரு சிவப்பு அம்பு போட்டுவிட்டு ஆட்டத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தால் வெள்ளையின் சங்கடம் முழுவதும் தெரிந்துவிடும். அந்தச் சிப்பாய்தான் வெள்ளையின் பலம், அதுவேதான் பிஷப்புக்கு முட்டுக்கட்டை.

அப்புறம் கிராம்னிக்கின் குதிரை. 7-ஆவது நகர்த்தலில் எஃப்5-க்கு வந்தது. 13-இல் இ7. 14-இல் ஜி6. பத்து நகர்த்தல்கள் அங்கேயே இருந்துவிட்டு 24-இல் திரும்ப இ7. 25-இல் திரும்ப எஃப்5, அதோடு டிரா. கிளம்பின கட்டத்துக்கே திரும்பி வந்திருக்கிறது! ராஜாவும் அப்படித்தான்: 11-இல் சி8, 20-இல் பி7, 23-இல் மறுபடி சி8. இதை எஞ்சின் எண்ணாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அம்பாகப் போட்டுப் பார்த்தால், கறுப்பு தன் இடத்தைவிட்டு நகராமலேயே வெள்ளையை எல்லா வழியும் தேடிப் பார்க்கவிட்டு, ஒவ்வொரு வழியும் அடைபட்டிருப்பதைக் காட்டியிருக்கிறார் என்று தெரியும்.

எந்தக் கட்டத்தில் அடைத்தார்? என் கண்ணுக்கு முக்கியமான சிப்பாய் எச் வரிசையில் இருப்பது. 10-இல் எச்6, 15-இல் எச்5, 18-இல் எச்4 என்று மெதுவாக நடந்து போய் வெள்ளையின் ஜி2, எச்3 சிப்பாய்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறது. 21-இல் யானை எச்5-க்கு வருகிறது. இப்போது வெள்ளை ஜி4 என்று தள்ளினால் கறுப்பு போகிற போக்கில் (இரண்டு கட்டம் தாண்டும் சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் வெட்டும் ஆன் பசான் விதிப்படி) அதை வெட்டிவிடும், உடனே யானைக்கு எச்3 சிப்பாய் மேல் பார்வை திறந்துவிடும். அதே யானை பக்கவாட்டில் இ5-ஐயும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ராஜா பக்கம் நான்குக்கு மூன்று என்று வெள்ளைக்கு இருந்த அந்த மிகை இதோடு அசையாமல் நின்றுவிட்டது. இ6-இல் நிற்கும் பிஷப் நடுவில் வழி மறிக்கிறது. 24-இல் காஸ்பரோவ் எஃப்4 ஆடி இ5-க்கு முட்டுக் கொடுக்கிறார், அதற்கு மேல் முன்னேற இடமில்லை. காஸ்பரோவ் ராணியோடு தாக்கி ஆடுவதில் அரசர், அவரிடமிருந்து முதல் எட்டு நகர்த்தலில் ராணியைப் பிடுங்கிவிட்டு, "இப்போது ஆடுங்கள்" என்று எதிரில் உட்கார்ந்திருக்கிறார் கிராம்னிக். இதைச் சலிப்பான டிரா என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவே போகாது.

ஸ்டடியில் "அடுத்த நகர்த்தல்களை மறை" என்று ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டுவிட்டு கிராம்னிக் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்துச் சொல்லிப் பாருங்கள். வெற்றி ஆட்டத்தில் இப்படி ஊகிப்பது சுலபம், ஏதோ ஒரு கட்டத்தில் வெட்டு இருக்கும் என்று தெரியும். டிராவில் அந்தத் துப்பு கிடையாது. குதிரையை இ7-க்குத் திருப்பி எடுக்க வேண்டும் என்று சொல்ல, எதிராளிக்கு என்ன வேண்டும் என்று முதலில் யோசித்தாக வேண்டும். கணினியில் பார்க்கும்போது எஞ்சினை ஓடவிட்டு எக்ஸ் எழுத்தை அழுத்தினால் எதிராளியின் மிரட்டல் என்னவென்று அம்பு காட்டும், எஞ்சினைக் கூப்பிட வேண்டிய நேரம் இதுதான். "எது நல்ல நகர்த்தல்" என்று கேட்டால் அது நமக்குப் பதிலாக யோசித்துவிடும். "எதைத் தடுக்க வேண்டும்" என்று கேட்டால் நம்மை யோசிக்க வைக்கும்.

பயிற்சியாளர்களுக்கு ஒரு தகவல். ஸ்டடியின் அமைப்புகளில் கணினி அலசலையும் ஓபனிங் எக்ஸ்ப்ளோரரையும் யார் பயன்படுத்தலாம் என்று நீங்களே தீர்மானிக்கலாம், "யாரும் வேண்டாம்" என்றும் வைக்கலாம். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுக்கும்போது இதை அணைத்துக் கொடுங்கள். இந்த ஒரு வசதிக்காகவே இந்தத் தளத்தை நான் மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

பெர்லினில் வேறு வகை டிராவும் இருக்கிறது, அதையும் எக்ஸ்ப்ளோரரில் பார்த்துவிடுங்கள். 6-ஆவது நகர்த்தலில் பிஷப்பால் வெட்டாமல் வெள்ளை டி சிப்பாயால் இ5-ஐ வெட்டுகிறது. கறுப்புக் குதிரை பி5 பிஷப்பை எடுத்துக்கொள்கிறது. ஏ4 என்று வெள்ளை குதிரையைத் துரத்த, அது டி4-க்கு வருகிறது. குதிரைகள் மாறி, சிப்பாய்கள் மாறி, 10-ஆவது நகர்த்தல் முடியும்போது வெள்ளை ராணி டி4-இல், கறுப்பு ராணி டி6-இல். பிறகு ராணி இ4 செக், கறுப்பு ராணி இ6. ராணி டி4, ராணி டி6. மறுபடி இ4 செக், மறுபடி இ6. மறுபடி டி4, மறுபடி டி6. ஒரே நிலை மூன்று முறை வந்தாகிவிட்டால் டிரா கோரலாம், 14 நகர்த்தலில் வேலை முடிந்தது. பல போட்டிகளில் பேசி டிரா செய்துகொள்ளத் தடை இருப்பதால், டிரா போதும் என்று வருகிற இரண்டு பேர் இந்தக் கதவு வழியாக வெளியே போய்விடுகிறார்கள். எனக்கு இது பிடிப்பதில்லை. கடைசிச் சுற்றில் அரைப் புள்ளி போதும் என்ற நிலையில் இருக்கும் ஆட்டக்காரரின் கட்டாயம் புரிகிறது, ஆனாலும் இதற்கும் லண்டன் ஆட்டத்துக்கும் ஒரே முடிவைப் போட்டு எழுதுவது மனசுக்கு ஒட்டவில்லை.

இங்கேதான் எக்ஸ்ப்ளோரரின் பெரிய குறையும் வருகிறது. சாம்பல் பட்டைக்கு எல்லா டிராவும் ஒன்றுதான். ராணியை நான்கு முறை ஆட்டிவிட்டுப் போன 14 நகர்த்தல் டிராவையும், ஐந்து ஆறு மணி நேரம் மல்லுக்கட்டிய டிராவையும் அது ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறது. மாஸ்டர்ஸ் பகுதியில் ஆண்டை வைத்து வடிகட்டலாம், ஆனால் ஆட்டத்தின் நீளத்தை வைத்து வடிகட்ட வழியில்லை. 40 நகர்த்தலுக்கு மேல் போன டிராக்கள் மட்டும் என்று ஒரு வடிகட்டி வைத்தால் ஓபனிங் படிப்பவர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும். இப்போதைக்கு ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நீளமான டிராவுக்கு உதாரணம் வேண்டுமென்றால் சென்னையிலேயே இருக்கிறது. 2013 நவம்பரில் ஹயாத் ரீஜென்சியில் நடந்த ஆனந்த் – கார்ல்சன் உலக சாம்பியன்ஷிப்பின் நான்காவது ஆட்டம், அதுவும் இதே பெர்லின் சுவர்தான், ஆனந்த் வெள்ளை. 18-ஆவது நகர்த்தலில் கார்ல்சன் தன் பிஷப்பால் ஏ2 சிப்பாயை வெட்டினார். ஆனந்த் பி3 என்று பின்வழியை அடைத்தார். பார்த்தவர்களுக்கு பிஷப் மாட்டிக்கொண்டது என்றே தோன்றியிருக்கும், ஆனால் சி சிப்பாயைத் தள்ளி, பி3-ஐ வெட்டி, பி1 கட்டம் வழியாக அது தப்பித்துவிட்டது. ஒரு சிப்பாய் குறைவாக ஆனந்த் போராடிப் பிடித்து நிறுத்தி, 64-ஆவது நகர்த்தலில் டிரா. அந்தப் போட்டியில் ஆனந்த் 6.5 – 3.5 என்று பட்டத்தை இழந்தார் என்பதால் நம்மவர்கள் அந்த ஆட்டங்களை அதிகம் பேசுவதில்லை. நான்காவது ஆட்டத்தையாவது லண்டன் ஆட்டத்தோடு ஒரே ஸ்டடியில் அடுத்தடுத்த அத்தியாயமாகப் போட்டுப் பாருங்கள். எட்டாவது நகர்த்தல் வரை இரண்டும் ஒரே போர்டு. அதற்குப் பிறகு ஒன்றில் கறுப்பு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, மற்றதில் கறுப்பு ஜெயிக்கப் பார்க்கிறது. ஒரே ஓபனிங்குக்குள் இரண்டு மனநிலை.

முடிவாட்டத்துக்கு டேபிள்பேஸ் இருக்கிறது. போர்டில் மொத்தம் ஏழு காய்கள் அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால், எக்ஸ்ப்ளோரர் தானாகவே அதற்கு மாறி, ஒவ்வொரு நகர்த்தலும் வெற்றியா டிராவா தோல்வியா என்று அடித்துச் சொல்லிவிடும். யானையும் ஒரு சிப்பாயும் எதிரில் வெறும் யானையோடு நிற்கும் நிலைகளைப் போர்டு எடிட்டரில் வைத்து, எந்த நகர்த்தல் டிராவைக் காப்பாற்றுகிறது, எது கவிழ்க்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். மூன்றாவது வரிசையில் யானையை நிறுத்திக் காக்கும் ஃபிலிடோர் முறையைப் புத்தகத்தில் படித்தவர்கள்கூட இங்கே ஒரு நகர்த்தலை மாற்றிப் போட்டுப் பார்த்தால்தான் ஏன் என்று புரிந்துகொள்கிறார்கள்.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பொதுவில் இருக்கும் ஸ்டடிகளில் பெர்லின் என்று தேடினால் ஏராளமாக வரும், தரம் எல்லாத் திசையிலும் இருக்கும். இதயக் குறி அதிகம் வாங்கியதெல்லாம் நல்லது என்று நம்பிவிட வேண்டாம், குறிப்பில் எஞ்சின் வரிசையை மட்டும் ஒட்டி வைத்திருப்பவை நிறைய. வார்த்தையில் விளக்கம் எழுதியிருக்கிறார்களா என்று இரண்டு அத்தியாயம் புரட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, ஆனால் தமிழில் எழுதப்பட்ட ஸ்டடிகள் தேடினாலும் சிக்குவது அபூர்வம். இது தளத்தின் குறை என்று சொல்ல மாட்டேன், எழுத வேண்டியவர்கள் நாம்தான். போனில் எக்ஸ்ப்ளோரரும் குறிப்பும் போர்டும் ஒரே திரையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், நீண்ட நேரம் எஞ்சினை ஓடவிட்டால் போன் சூடாகி பேட்டரியும் இறங்கும். ஸ்டடி வேலைக்கு லேப்டாப்பில் உட்காருவதே நல்லது. போனில் படிக்க மட்டும் செய்யலாம்.

போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு எக்ஸ்ப்ளோரரில் மூன்றாவதாக ஒரு பகுதியும் இருக்கிறது. யாருடைய பயனர் பெயரையும் கொடுத்து, அவர் வெள்ளையில் அல்லது கறுப்பில் இதுவரை அந்தத் தளத்தில் என்ன ஆடியிருக்கிறார் என்று மரமாக விரித்துப் பார்க்கலாம். முதலில் உங்கள் சொந்தப் பெயரைப் போட்டுப் பாருங்கள். எந்த ஓபனிங்கில் உங்கள் சாம்பல் பட்டை அகலம் என்று தெரியும், அந்த டிராக்களில் எதெல்லாம் ஜெயிக்க வேண்டிய நிலையிலிருந்து நழுவியவை, எதெல்லாம் தோற்க வேண்டியதைக் காப்பாற்றியவை என்று பிரித்து எழுதி வையுங்கள். எழுதும் ஸ்டடியைத் தொடங்கும்போதே யார் பார்க்கலாம் என்ற அமைப்பை "அழைக்கப்பட்டவர்கள் மட்டும்" என்று மாற்றிவிடுங்கள், பொதுவில் விட்டால் அடுத்த சுற்றில் எதிரில் உட்காரப்போகிறவரும் அதைத் திறந்து படிக்கலாம்.